நிச்சயதார்த்த மோதிரம்



நிச்சயதார்த்த மோதிரம் நேற்று வந்த வழக்கமன்று. 866ஆம் ஆண்டில் பாப்பரசர் முதலாம் நிக்கொலஸ் பல்கேரியருக்கு எழுதிய மடலில், அதைப் பிரமாணிக்கத்தின் அடையாளமாகவே குறிப்பிடுகிறார்.

வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள். 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு பொன். '916' என்பதும் அதுவே. கல் பதிக்க 18 கரட் உறுதியானது. கடன்பட்டு வாங்காதீர்கள். மணமான மறுமாதமே மோதிரம் அடகுக்குப் போவதால் யாருக்கு மதிப்பு?

இன்னொன்று. நிச்சயதார்த்தம் திருவருட்சாதனமன்று. அதைக் காட்டி எவரையும் மணமுடிக்கும்படி வழக்காட இயலாது என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் (1062). ஆகவே, "மோதிரம் போட்டாயிற்றே" என்று மனம் ஒப்பாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். பொன்னை உரைத்துப் பார்க்கும் நாம், பிள்ளையின் மனத்தையும் கேட்டறிவோம்.