கையடக்கப் புதிர் விளையாட்டில் இருவகைக் கடினம்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு செல்லும் நெடுஞ்சாலையில், வாளையாற்றைக் கடந்ததும் வரும் கஞ்சிக்கோடு கேரளத்தின் பெருந்தொழிற் பகுதிகளுள் ஒன்றாகும். மத்திய அரசின் பாய்பொருள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையம் 1987ஆம் ஆண்டு முதல் இவ்வூரில் இயங்கி வருகிறது. நீர், எண்ணெய், காற்று முதலியன குழாயில் ஓடும் அளவைக் காட்டும் மானிகளைச் சரிபார்ப்பது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று. மானி காட்டும் எண்ணை நம்புவதற்கு முன், அம்மானி எவ்வளவு பிழைபடுகிறது என்பதை அறிதல் வேண்டும் என்பதே அப்பணியின் அடிப்படை. இதே விதியை வகுப்பறையிலும் கைக்கொள்ள வேண்டிய ஓர் இடத்தை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

தொடுதிரை கொண்ட கைப்பேசியும் பலகைக் கணினியும் இன்று பள்ளிகளிலும் ஊர்ப்புறக் கூட்டங்களிலும் பயன்படுகின்றன. அவற்றில் புதிர் விளையாட்டுகளைத் தந்து, சிறுவர் எத்தனை நிலைகளைக் கடந்தனர் என்று பார்ப்பதும் வழக்கமாகி வருகிறது. கஞ்சிக்கோடு போன்ற ஊரில் இவ்வழக்கத்திற்குத் தனிக் கவர்ச்சி உண்டு. மலையாளம் பேசும் பிள்ளைகளும், தமிழ் பேசும் பிள்ளைகளும், வட மாநிலங்களிலிருந்து ஆலை வேலைக்கு வந்தோரின் பிள்ளைகளும் இங்கு வாழ்கின்றனர். புதிருக்கு மொழி வேண்டுவதில்லை. ஆதலால் அது எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் என்று தோன்றும். இடுக்கி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டப் பகுதிப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும்.

ஆனால் மொழி நீங்கினாலும் விரல் நீங்குவதில்லை. வீட்டில் தொடுதிரையை நாள்தோறும் கையாளும் பிள்ளையும், அதனை முதன்முறையாகத் தொடும் பிள்ளையும் சமமான விரலோடு வருவதில்லை. விரலின் பிழையை அறிவின் குறையாக எண்ணி ஒரு பிள்ளையை மந்தன் என்று எழுதிவிட்டால், அவ்வெழுத்து ஆண்டுக்கணக்கில் அப்பிள்ளையைத் தொடரும்.

1. இருவகைக் கடினம் யாது?

கையடக்கப் புதிர் எதிலும் இரண்டு கடினங்கள் உண்டு. எந்தக் காயை, எந்த வரிசையில் நகர்த்துவது என்று சிந்திப்பது ஒன்று. அது புதிரின் கடினம். எண்ணியதைத் திரையில் பிழையின்றிச் செய்து முடிப்பது மற்றொன்று. அது தொடுகையின் கடினம். நாம் அளக்க விரும்புவது முதலாவதை. திரை காட்டும் மதிப்பெண்ணோ இரண்டும் கலந்த தொகை.

2. புதிரின் கடினம்

எண் நகர்த்தும் புதிரை எடுத்துக்கொள்வோம். சதுரப் பலகையில் 9 கட்டங்கள், 8 காய்கள், ஒரு கட்டம் வெறுமை. வெற்றிடத்தை ஒட்டிய காயை அதனுள் தள்ளலாம். 1 முதல் 8 வரை வரிசைப்படுத்தி, கடைசிக் கட்டத்தை வெறுமையாக விடுதல் வேண்டும்.

இரண்டிற்கு இரண்டு பலகையில் அடையக்கூடிய அமைப்புகள் 12 மட்டுமே. எதனையும் 6 நகர்வுகளுக்குள் தீர்க்கலாம். மூன்றுக்கு மூன்றில் அமைப்புகள் 1,81,440. மிகக் கடினமானதற்கும் 31 நகர்வுகள் போதும். நான்குக்கு நான்கில் அமைப்புகள் பத்து லட்சம் கோடியைத் தாண்டும். நகர்வுகளின் உச்ச அளவு 80.

எனினும், அமைப்புகளின் எண்ணிக்கை மட்டுமே கடினம் ஆகாது. முதல் வரிசையில் 1, 2 ஆகியவற்றை அமர்த்திய பின் 3ஐ அமர்த்த முயலும் பிள்ளையைக் கவனித்தால் உண்மை விளங்கும். பல வேளைகளில், சரியாக அமர்ந்த காயைத் தற்காலிகமாக விலக்கினால்தான் அடுத்த காய்க்கு வழி பிறக்கும். கட்டியதைக் கலைக்க மனம் இசையாத பிள்ளை அங்கேயே நின்றுவிடுகிறது. முன்னேறுவதற்காகப் பின்வாங்கத் துணிவதே இப்புதிர் கற்பிக்கும் பாடம்; அதன் மெய்யான கடினமும் அதுவே.

3. தீராத புதிர்

சில வேளைகளில் குற்றம் பிள்ளையிடமும் இராது, விரலிலும் இராது, புதிரிலேயே இருக்கும். காய்களைக் கழற்றி மனம்போனபடி மீண்டும் அடுக்கினால், உருவாகும் அமைப்புகளுள் சரிபாதி தீர்க்க இயலாதவை.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1870களில் தோன்றிய 15 காய்ப் புதிர் 1880இல் பெரும் மோகமாயிற்று. 14, 15 ஆகிய இரண்டு காய்கள் மட்டும் இடம் மாறிய அமைப்பைத் தீர்க்கப் பலர் முயன்று தோற்றனர். அது தீராது என்பதை ஜான்சன், ஸ்டோரி என்னும் கணித அறிஞர்கள் 1879ஆம் ஆண்டிலேயே நிறுவியிருந்தனர்.

மூன்றுக்கு மூன்று பலகைக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வெற்றிடத்தை விட்டுவிட்டுக் காய்களை வரிசையாகப் படித்து எழுதுக. பெரிய எண் முன்னும் சிறிய எண் பின்னுமாக வரும் இணைகளை எண்ணுக. அத்தொகை இரட்டைப்படை எனில் புதிர் தீரும். ஒற்றைப்படை எனில் தீராது.

காரணம் இது: காய் பக்கவாட்டில் நகர்ந்தால் படிக்கும் வரிசை மாறுவதில்லை. மேலோ கீழோ நகர்ந்தால் அது சரியாக இரண்டு காய்களைத் தாண்டுகிறது. ஆகவே முறை மாறிய இணைகளின் தொகை 2 கூடும், 2 குறையும், அல்லது மாறாதிருக்கும். ஒற்றைப்படைத் தொகை ஒருநாளும் சுழியாகாது. 1, 2, 3, 4, 5, 6, 8, 7 என்னும் அமைப்பில் தொகை 1. எவராலும் அதனைத் தீர்க்க இயலாது. 1, 2, 3, 4, 6, 7, 5, 8 என்பதில் 6–5, 7–5 என இரண்டு இணைகள். ஆகவே அது தீரும். நான்குக்கு நான்கு பலகையில் காய் மூன்றைத் தாண்டுவதால், வெற்றிடம் எந்த வரிசையில் உள்ளது என்பதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

ஆசிரியர் தாமே புதிர் அமைக்கும்போது, தீர்ந்த நிலையிலிருந்து முறைப்படி நகர்த்திக் கலைப்பதே நன்று. அவ்வாறு கலைத்த புதிர் தீர்ந்தே தீரும். எத்தனை நகர்வு கலைத்தோமோ அதற்கு மேற்படாத நகர்வுகளில் தீரும் என்பதும் உறுதி. இவ்வாறு 2, 5, 10 நகர்வுகள் எனப் படிப்படியாகக் கடினத்தை உயர்த்தலாம். செய்த நகர்வை உடனே திருப்பிவிடாமல் கலைத்தல் வேண்டும்.

4. தொடுகையின் கடினம்

விரல் தொடும் மின்தேக்குத் திரையை இங்கிலாந்தில் மால்வர்ன் நகரத்து ராடார் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான்சன் என்பவர் 1965இல் விவரித்தார். வானூர்திப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோருக்காக அது உருவாயிற்று. (மேலே கூறிய கணித அறிஞர் வேறு, இவர் வேறு.) இன்றைய கைப்பேசிகளின் திரையும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. கண்ணாடியின் அடியில், ஒளி ஊடுருவும் மின்கடத்திக் கோடுகள் வலைபோல் அமைந்துள்ளன. மனித உடல் மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் நெருங்கும் இடத்தில் மின்னேற்றம் சிறிது மாறுகிறது. அம்மாற்றம் பரவிய பரப்பின் நடுப்புள்ளியையே கருவி தொட்ட இடமாகக் கொள்கிறது.

இதிலிருந்து சில பிழைகள் பிறக்கின்றன. பிள்ளை நகநுனியைப் பார்த்துக் குறிவைக்கிறது, கருவியோ விரற்சதையின் நடுவைக் கணக்கிடுகிறது, இரண்டும் ஒன்றல்ல. வியர்வைத் துளியும் மின்னேற்றத்தை மாற்றும். பாலக்காட்டுக் கோடையில் இது புறக்கணிக்கத்தக்கதன்று. கடும் உழைப்பால் தடித்துக் காய்ந்த தோல் மெலிந்த குறியையே தரும். கருவியைப் பிடித்திருக்கும் கையின் பெருவிரல் திரையின் ஓரத்தில் பட்டால், அதுவும் ஒரு தொடுகையாகிவிடும்.

குறியின் அளவும் முக்கியமாகும். 1954ஆம் ஆண்டில் பால் ஃபிட்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர், கை ஓர் இலக்கை அடைவதன் கடினத்திற்கு ஒரு கணக்கு வகுத்தார். இலக்கின் தொலைவை இரட்டித்து, அகலத்தால் வகுத்து, வரும் ஈவு இரண்டின் எத்தனையாவது அடுக்கு என்று காண்க; அதுவே கடினக் குறியெண். தொலைவு 4 செ.மீ. என்று கொள்வோம். அகலம் 2 செ.மீ. எனில் ஈவு 4, குறியெண் 2. அகலம் 1 செ.மீ. எனில் ஈவு 8, குறியெண் 3. அரை செ.மீ. எனில் ஈவு 16, குறியெண் 4. இலக்கு பாதியாகச் சுருங்குந்தோறும் கடினம் ஒரு படி ஏறுகிறது.

5. இரண்டும் கலக்கும் இடம்

திரையின் அகலம் 6 செ.மீ. என்று கொள்க. மூன்று வரிசைப் புதிரில் ஒவ்வொரு காயும் 2 செ.மீ. அகலம் பெறும். நான்கு வரிசையில் 1.5 செ.மீ.; ஆறு வரிசையில் 1 செ.மீ.; சுடோகு என்னும் எண் புதிரின் ஒன்பது வரிசையில் 7 மில்லிமீட்டருக்கும் குறைவு. விரலால் தொடும் குறி ஏறத்தாழ 9 மில்லிமீட்டராவது இருத்தல் வேண்டும் என்பது மென்பொருள் அமைப்போர் பின்பற்றும் நெறி.

ஆகவே நிலை உயர உயரப் புதிர் கடினமாவதோடு, குறியும் சிறுத்துக்கொண்டே போகிறது. உயர்ந்த நிலையில் ஒரு பிள்ளை தோற்றால், சிந்தனை தோற்றதா, விரல் தோற்றதா என்பதை மதிப்பெண்ணைக் கொண்டு கூற இயலாது.

நல்ல விளையாட்டு இரண்டையும் பிரித்து வைக்கும். பலகையின் அளவை மாற்றாமல், கலைத்த நகர்வுகளை மட்டும் கூட்டிக் கடினத்தை உயர்த்தும். விரல் பட்டதும் முடிவு செய்யாமல், விரலை எடுக்கும்போது முடிவு செய்யும். தவறான காயில் பட்டவர் விரலை எடுக்காமலே சரியான காய்க்கு நகரலாம். இம்முறையில் பிழை குறைகிறது என்பது மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தார் 1988இல் வெளியிட்ட சோதனையின் முடிவு. கடைசி நகர்வைத் திரும்பப் பெறும் வசதியும் வேண்டும்.

கேரளப் பள்ளிக் கணினிகளில் பயன்பட்டு வரும் ஜிகோம்ப்ரி என்னும் கல்வி விளையாட்டுத் தொகுப்பு பிரான்சில் 2000ஆம் ஆண்டு தோன்றியது. அதன் பெயரைப் பிரெஞ்சு மொழியில் ஒலித்தால் ‘எனக்குப் புரிந்தது’ என்று பொருள்படும். சுட்டெலிக்கென எழுதப்பட்ட அத்தொகுப்பைத் தொடுதிரைக்கும் ஏற்றவாறு புதிதாக எழுதும் பணி 2014இல் தொடங்கியது. ஒவ்வொரு விளையாட்டின் கடினத்தையும் அது விண்மீன் குறிகளால் காட்டுகிறது. அக்குறிகள் உணர்த்துவது புதிரின் தரத்தையே. நம் கையிலுள்ள கருவியின் தொடுகைத் தரத்தை நாமே சோதித்தல் வேண்டும்.

6. வகுப்பில் செய்யும் சோதனை

தடித்த அட்டையில் 2 செ.மீ. சதுரங்கள் எட்டு வெட்டி, எண்ணிட்டு, 6 செ.மீ. சதுரக் கட்டத்தில் வைக்குக. திரையிலும் அதே மூன்றுக்கு மூன்று புதிரை ஆயத்தம் செய்க. கருவியை மேசைமீது கிடத்துக. திரையையும் கையையும் துடைக்கச் செய்க.

முதலில் சிந்தனை வேண்டாத பயிற்சி: திரையில் 1 முதல் 8 வரையுள்ள எண்களைப் பிள்ளை வரிசையாகத் தொடட்டும். குறி தவறிய தொடுகைகளை எண்ணுக. இது விரலை மட்டும் அளக்கிறது. அடுத்து, 5 நகர்வு கலைத்த புதிரை அட்டையிலும், அதே தரமுள்ள வேறொரு புதிரைத் திரையிலும் தருக. ஒருமுறை செய்த பழக்கம் மறுமுறைக்கு உதவுமாதலால், பாதிப் பிள்ளைகளுக்கு அட்டையையும் மீதிப் பாதிக்குத் திரையையும் முதலில் கொடுத்தல் வேண்டும்.

அட்டையில் தீர்த்துத் திரையில் தவறும் பிள்ளைக்கு வேண்டியது தொடுகைப் பழக்கம். எளிய புதிர் அன்று. இரண்டிலும் தவறினால் கலைத்த நகர்வைக் குறைத்திடுக. இரண்டிலும் வென்றால் உயர்த்துக. திரையில் மட்டும் வென்றால் நகர்வுகளின் எண்ணிக்கையைப் பார்க்க. 5 நகர்வுப் புதிருக்கு 60 நகர்வு ஆகியிருப்பின், கண்டபடி தொட்டதில் தற்செயலாய்த் தீர்ந்திருக்கலாம்.

7. களப்பணியாளருக்கு

முதியோர் கூட்டங்களிலும் இம்முறை பயன்படும். ஆலைத் தொழிலாளி, தேயிலை பறிப்பவர், உழவர் ஆகியோரின் விரல்கள் உழைப்பால் தடித்தவை. “எனக்கு இது வராது” என்று அவர் கருவியைத் திருப்பித் தரும்போது, பல வேளைகளில் வராதது கருவிக்கே. பெரிய எழுத்து, பெரிய குறி, சற்று ஈரத்துணியால் துடைத்துப் பின் உலர்த்திய விரல் ஆகியவற்றோடு மறுமுறை முயலச் செய்க. அவர் மனத்தில் புதிரைத் தீர்த்து, எந்தக் காய் என்று வாயாற் சொன்னால், பணியாளர் தம் விரலால் நகர்த்தலாம், சிந்தித்தவர் அவரே.

மானியைச் சரிபாராமல் குழாயைக் குறை கூறும் பொறியாளர் இல்லை. மதிப்பேட்டில் ஒரு பெயருக்கு எதிரே எண்ணை எழுதுமுன், அவ்வெண்ணைத் தந்த கருவியையும் அதைத் தொட்ட விரலையும் ஒருமுறை சோதிப்பது ஆசிரியரின் கடமையாகும்.

பயிற்சி வினாக்கள்

1. பின்வரும் இரண்டு மூன்றுக்கு மூன்று அமைப்புகளுள் தீர்வது எது? (அ) 2, 1, 3, 4, 5, 6, 7, 8. (ஆ) 1, 3, 2, 4, 6, 5, 7, 8.

2. திரையின் அகலம் 7.2 செ.மீ. ஒன்பது வரிசைப் புதிரின் ஒரு கட்டம் விரலுக்குப் போதுமா?

3. இலக்கின் தொலைவு 8 செ.மீ., அகலம் 1 செ.மீ. எனில் கடினக் குறியெண் யாது?

விடைகள்: 1. (ஆ) தீரும், முறை மாறிய இணைகள் இரண்டு. 2. கட்டத்தின் அகலம் 8 மில்லிமீட்டர், போதாது. 3. நான்கு.