குடும்பக் கதையும் வரலாற்றுச் சான்றும்

அமெரிக்க விடுதலைப் போர் பாடத்தை ஒன்பதாம் வகுப்பில் நடத்தியபோது ஒரு மாணவி கேட்டாள்: "எல்லாரும் சமம்னு எழுதினவரே அடிமைகளை வெச்சிருந்தாராமே சார், நெசமா?" உண்மைதான். தாமஸ் ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். சான்றுகள் என்றதும் கல்வெட்டு, நாணயம் என்று பட்டியலிட்டு முடித்துவிடுகிறோம். சான்றுகள் ஒன்றோடொன்று மோதினால் என்ன செய்வது என்று காட்ட அந்தக் கேள்வியையே பிடித்துக்கொண்டேன்.

ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ பண்ணையில் சாலி ஹெமிங்ஸ் என்னும் அடிமைப்பெண் இருந்தார். தம் தந்தை ஜெஃபர்சனே என்று சாலியின் மகன் மேடிசன் 1873-இல் ஒஹையோ மாநிலச் செய்தித்தாள் ஒன்றில் கூறினார். ஜெஃபர்சனின் பேரப்பிள்ளைகள் அதை மறுத்து, அவருடைய தங்கை மகன்களான கார் சகோதரர்கள்மீது பழியைப் போட்டனர். பேரன் சொன்னது பீட்டரை, பேத்தி சொன்னது சாமுவேலை! இந்த முரண்பாட்டைக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பே சிரித்தது. ஆனால் வரலாற்று ஆசிரியர்கள் பலர் நெடுங்காலம் பேரப்பிள்ளைகள் பேச்சையே ஏற்றனர். அடிமையாய்ப் பிறந்தவரின் சொல் எடுபடவில்லை. இதற்கிடையே தாமஸ் உட்சன் என்பவரின் வழியினரும், தம் முன்னோர் அவ்விருவருக்கும் பிறந்த மூத்த மகன் என்று தலைமுறைகளாக நம்பிவந்தனர்.

1998-இல் டி.என்.ஏ. சோதனை நடந்தது. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் பெரும்பாலும் மாறாமல் செல்லும். ஜெஃபர்சனுக்கு மனைவி வழியில் பிழைத்த மகன் இல்லாததால், அவருடைய பெரியப்பா வழி ஆண்களின் மாதிரியை எடுத்தார்கள். சாலியின் கடைசி மகன் எஸ்டனின் ஆண்வழி வாரிசோடு அது பொருந்தியது. கார் குடும்பத்து மாதிரி எஸ்டன் வழியோடு பொருந்தவில்லை. உட்சன் வழியும் ஜெஃபர்சன் வழியோடு பொருந்தவில்லை.

"அப்போ நிரூபணம் ஆயிடுச்சு!" என்றான் ஒருவன். இல்லை. ஜெஃபர்சனின் தம்பிக்கும் அதே ஒய் குரோமோசோம்தான். இங்கேதான் பழைய தாள்கள் உதவுகின்றன. பிள்ளைகள் பிறந்த நாள்களை ஜெஃபர்சன் தம் பண்ணைக் கணக்கேட்டில் எழுதிவைத்திருந்தார். அவர் அடிக்கடி வெளியூரில் இருந்தவர். ஆனாலும் ஒவ்வொரு பிள்ளையும் கருவான காலத்தில் மாண்டிசெல்லோவில் இருந்தது தெரிகிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, மாண்டிசெல்லோவைப் பராமரிக்கும் அறக்கட்டளை 2000-இல் மேடிசன் சொன்னதை ஏற்கும் முடிவுக்கு வந்தது.

உட்சன் குடும்பத்தார் பொய் சொன்னார்களா என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்டதை நம்பிச் சொல்வது வேறு, பொய் சொல்வது வேறு என்று அங்கேயே பிரித்துக் காட்டுவது நல்லது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பொரு முறை அவரவர் குடும்ப மரத்தை வரைந்துவரச் சொன்னேன். ஒரு பையன் அப்பா பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டுக் கொண்டுவந்து, தாளை மடித்தே கொடுத்தான். அத்தாளை மற்றவர்கள் பார்வையில் படும்படி சுவரில் ஒட்டச் சொல்லியிருந்தவனும் நான்தான். வேறு சிலர் எழுதிய பெயர்களில் சாதி ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்பின் அந்த வேலையைக் கொடுப்பதில்லை. இப்போது மேடிசன், பேரன், பேத்தி, உட்சன் வழியினர் ஆகிய நால்வரின் கூற்றையும் தனித்தனிச் சீட்டில் எழுதிக் குழுக்களுக்குக் கொடுக்கிறேன். சொன்னவர் யார், எப்படித் தெரிந்துகொண்டார், அப்படிச் சொல்வதால் அவருக்கு என்ன லாபம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிய பிறகே சோதனை முடிவுச் சீட்டைத் தருவேன்.