அட்வான்ஸில் கழிக்க முடியாத பணம்

தறியிலிருந்து நாடா தெறித்துக் கண்ணில் பட்டாலும், பல்சக்கரத்தில் விரல் சிக்கினாலும் முதலில் ஓடுவது ஆஸ்பத்திரிக்குத்தான். "என்ன ஆச்சு?" என்று அங்கே கேட்பார்கள். "வண்டியில விழுந்துட்டேன்னு சொல்லிடு, செலவை நான் பார்த்துக்கறேன்" என்று கூட வந்தவர் காதோடு சொல்லக்கூடும். அப்படிச் சொல்லாதீர்கள். எந்தப் பட்டறை, எத்தனை மணி, எந்தத் தறி என்று உள்ளதைச் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) அப்படியே எழுதச் செய்யுங்கள். அந்த ஏ.ஆர். நகல் பின்னால் உங்களுக்காகப் பேசும். பட்டறை முதலாளிக்கும் உடனே எழுத்தில் தெரிவியுங்கள்; வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அழிக்காமல் வையுங்கள்.

எடப்பாடிப் பக்கம் நாலு தறி, எட்டுத் தறிப் பட்டறைகள் ஏராளம். "இது ஃபேக்டரியா என்ன, சட்டம் எப்படி வரும்?" என்பார்கள். வரும். மின்சாரத்தில் தறி ஓடினால் போதும், ஆள் எண்ணிக்கை தேவையில்லை. 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் அப்படித்தான் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. இழப்பீட்டு உரிமை அதிலும் தொடர்கிறது. "நீதான் கவனமில்லாம கையை விட்ட" என்ற பேச்சும் செல்லாது. குடித்திருந்தாலோ, பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றியிருந்தாலோ, பாதுகாப்பு விதியைத் தெரிந்தே மீறியிருந்தாலோதான் சிக்கல்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாக இருந்து, உங்கள் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. வழி. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் அங்கே கிடைக்கும். முதலாளி சந்தா கட்டாமல் விட்டதற்காக உங்கள் உரிமை போய்விடாது. ஆனால் இ.எஸ்.ஐ. பெறுபவர் இந்த இழப்பீட்டையும் சேர்த்துக் கேட்க முடியாது.

தொகை எவ்வளவு? 40 வயது, மாதக் கூலி 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூலியில் 60 சதவீதம் 7,200. அதை அந்த வயதுக்குரிய 184.17 என்ற எண்ணால் பெருக்கினால் 13,26,024 ரூபாய். முழுதும் முடங்கியவருக்கு இது. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் அதில் 14 சதவீதம், அதாவது சுமார் 1,85,600 ரூபாய். ஒரு கண்ணின் பார்வை போனால் 30 சதவீதம், சுமார் 3,97,800 ரூபாய். பத்தாயிரத்தைக் கையில் திணித்து வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கும் இடத்தில் இந்தக் கணக்கு உங்கள் நினைவில் இருக்க வேண்டும்.

சட்டத்தின் அட்டவணையில் உள்ள இந்தச் சதவீதம்தான் முடிவு என்றும் எண்ண வேண்டாம். இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த ஒரு தச்சரால் ஒற்றைக் கையோடு தச்சு வேலை செய்ய முடியாது. எனவே அவருடைய இழப்பு முழு இழப்பே என்று உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அறுந்த இழையை முடிய விரல் இல்லாத நெசவாளியும் இந்த வாதத்தை வைக்கலாம்.

இனி, நம் ஊரில் அதிகம் நடக்கும் அநியாயம். "ஆஸ்பத்திரிச் செலவை நான்தான் கட்டினேன், மீதியை உன் அட்வான்ஸில் கழிச்சுக்கறேன்." இரண்டுமே தவறு. சிகிச்சைச் செலவு தனி. அதை இழப்பீட்டில் கழிக்கக் கூடாது. தறி ஓட்ட வரும்போது வாங்கிய அட்வான்ஸ் தனிக் கடன். அதற்கு ஈடாக இழப்பீட்டைப் பிடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய தாளும் செல்லாது. விபத்தில் உயிர் போயிருந்தால் பணம் முதலாளி கையிலிருந்து குடும்பத்துக்கு நேராகப் போகக் கூடாது. தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அதிகாரியிடம் கட்டி அவர் வழியாகவே வர வேண்டும். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி, நியாயமான காரணம் இல்லையென்றால் அதற்கு மேல் அபராதமும் உண்டு.

மனுவை எடுத்துக்கொண்டு சேலத்திலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். ஏ.ஆர். நகல், சிகிச்சைச் சீட்டுகள், மருத்துவரின் ஊனச் சான்று, வயதுச் சான்று, கூலி நோட்டு அல்லது வாராவாரம் பணம் வந்த வங்கிக் கணக்கு, கூட வேலை பார்த்த இருவரின் சாட்சி ஆகியவை கையில் இருக்கட்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100-க்கு அழையுங்கள்; தொழிலாளிக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்: விபத்து நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு அங்கே சேர்ந்திருக்க வேண்டும்.