என்கொயரி நூறு, ஆர்டர் எத்தனை?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டானாலும் காக்களூர் சிட்கோவானாலும், சிறு பட்டறை முதலாளிகள் நாலு பேர் கூடும் இடத்தில் ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடும்: "என்கொயரியைக் கூட்டுங்க, ஆர்டர் தானா வரும்." இணைய விளம்பரம் விற்க வருபவரும் இதையே ஓதுகிறார். மாதம் நூறு லீடு தருகிறேன் என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டு போகிறார். ஆண்டுக்கணக்கில் காதில் விழும் இந்தப் பேச்சு, கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொய்.

கடைசல் வேலை செய்யும் ஒரு பட்டறையைக் கற்பனை செய்து பார்க்கலாம். நான்கு சிஎன்சி மெஷின், இரண்டு ஷிஃப்டு. கொட்டேஷன் போடத் தெரிந்தவர் முதலாளி ஒருவர்தான். டிராயிங்கைப் படித்து, மூலப்பொருள் விலை விசாரித்து, சைக்கிள் டைம் கணக்கிட்டு ஒரு விலை எழுத அவருக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு என்கொயரிக்கு நூறு மணி நேரம். அந்த நேரத்தில் ஷாப் ஃப்ளோரை யார் பார்ப்பது? சாம்பிளை யார் செக் செய்வது? பேமென்ட்டுக்கு யார் போன் போடுவது? பாதிப் பேருக்குப் பதிலே போகாது. போகிற பதிலும் அள்ளித்தெளித்த கோலமாகப் போகும். நல்ல பார்ட்டி ஒருவர் அந்தக் குவியலுக்குள் காத்திருந்து, அலுத்துப்போய், அம்பத்தூரிலோ கோயம்புத்தூரிலோ வேறு ஆளைப் பிடித்திருப்பார்.

இணையச் சந்தையில் இன்னொரு சங்கதியும் உண்டு. வாங்குபவர் பதியும் ஒரே தேவை, ஒரே நேரத்தில் பல விற்பனையாளர்களுக்குப் போகிறது. அவர்களில் ஒவ்வொருவரும் அதைத் தன் கணக்கில் ஒரு லீடு என்று எழுதிக்கொள்கிறார். கேட்டவரோ, பழைய வெண்டரிடம் விலை குறைக்க ஒரு தாள் தேடுகிறவராகவும் இருக்கலாம்.

வந்ததையே கவனிக்காத இடத்தில் மேலும் மேலும் கொட்டி என்ன பயன்? ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ 2011 மார்ச் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 2,241 நிறுவனங்களுக்கு இணையம் வழியாக என்கொயரி அனுப்பிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொன்னவை 37 சதவீதம். 23 சதவீதம் கடைசிவரை வாயே திறக்கவில்லை. அதோடு வந்த இன்னோர் ஆய்வின்படி, ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொண்ட நிறுவனங்களால், அதற்கு மேல் ஒரு மணி நேரம் தாமதித்தவற்றைவிடக் கிட்டத்தட்ட ஏழு மடங்கு அதிகமாக, முடிவெடுக்கும் ஆளிடம் உருப்படியாகப் பேச முடிந்ததாம். அமெரிக்கக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது என்பார்கள். எண் மாறலாம், காத்திருப்பவரின் பொறுமை எந்த ஊரிலும் ஒன்றுதான்.

அப்படியானால் எதை அளப்பது? வந்த என்கொயரிகளில் நம் மெஷினுக்குப் பொருந்தியவை எத்தனை, முதல் பதில் போக எத்தனை மணி நேரம் ஆனது, பத்து கொட்டேஷனுக்கு எத்தனை ஆர்டர், அந்த ஆர்டருக்குப் பணம் எத்தனை நாளில் வந்தது. இந்த நான்கும் போதும். இதற்கு மென்பொருள்கூட வேண்டாம், போனுக்குப் பக்கத்தில் ஒரு லாங் சைஸ் நோட்டு இருந்தால் சரி. "இந்த வருஷம் சேல்ஸைப் பெருக்கணும்" என்பது ஆசை. "செப்டம்பர் 30க்குள், பொருந்தும் என்கொயரிக்கு அன்றே பதில், இரண்டு நாளில் கொட்டேஷன், மாதம் இரண்டு புதிய பார்ட்டி" என்பது இலக்கு. பத்துக்கு ஒன்று ஆர்டராகிறது என்று நோட்டு சொன்னால், அந்த இரண்டு பார்ட்டிக்கு இருபது கொட்டேஷன் வேண்டும். பத்துக்கு இரண்டாக உயர்த்தினால் பத்தே போதும். வேலை பாதி, பலன் அதே.

எண்ணிக்கையை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி சாட்சி. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு கணக்குகளோ சேவைகளோ விற்க வேண்டும் என்று ஊழியர்களை நெருக்கினார்கள். ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. "மாதம் ஐம்பது லீடு கொண்டுவா" என்று மார்க்கெட்டிங் பையனை விரட்டும் முதலாளி, விசிட்டிங் கார்டுகளைத்தான் பெறுவார்.

கண்காட்சியில் ஸ்டால் போட்டாலே ஆர்டர் வரும் என்பது அடுத்த நம்பிக்கை. அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் நந்தம்பாக்கத்தில் ஈராண்டுக்கு ஒருமுறை நடத்தும் ஆக்மி கண்காட்சி நல்ல இடம்தான். திரும்பி வந்ததும் அந்த வாரமே போன் செய்யாதவருக்கு அது வெறும் செலவு. "நம்ம தொழில் அறிமுகத்தில்தான் ஓடும், கணக்குக்கு அடங்காது" என்பதும் சாக்கு. யார் அறிமுகத்தில் எத்தனை ஆர்டர் வந்தது என்பதையும் எழுதி வைக்கலாமே.

பணம் எத்தனை நாளில் வந்தது என்ற அந்த நான்காவது எண்ணைத்தான் யாரும் எழுதுவதில்லை. ஆறு மாதம் கழித்துப் பணம் தரும் பார்ட்டியின் ஆர்டர், பட்டறையை மூடவைக்கும் ஆர்டர். குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006இன்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் ஆண்டுக்கு 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற கொள்கையும் இருக்கிறது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, மணலியில் சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, பெரம்பூரில் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலை என்று வாங்குபவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். முகம் தெரியாத நூறு லீடுக்குக் கட்டும் பணத்தையும் நேரத்தையும் இவர்களுடைய வெண்டர் பட்டியலில் ஏறச் செலவிடலாம். அதற்கு முதல் படி, குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் கொண்டு இணையத்திலேயே செய்துவிடலாம். கட்டணம் கிடையாது.