எல்லை தாண்டும் வடிகால்: திட்டமிடலுக்கும் பணத்துக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கோரம்பள்ளம் குளம் உடைந்தது, தூத்துக்குடி நகரத்தின் பல பகுதிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. அதன்பிறகு நடந்த எல்லாக் கூட்டங்களிலும் 'நிரந்தரத் தீர்வு' என்ற பேச்சு அடிபட்டது. அந்தத் தீர்வு எப்படித் திட்டமிடப்படுகிறது, பணம் எந்த வாசல் வழியாக வருகிறது என்பதை வார்டு உறுப்பினர், பாசன சங்கத்தார், உப்பளத்தார், மீனவர் சங்கத்தார் என யார் வேண்டுமானாலும் புரிந்துகொள்ளலாம். பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

படி 1: எத்தனை எல்லைகள் என்று எண்ணுங்கள்

எல்லை என்றதும் நாட்டு எல்லைதான் நினைவுக்கு வரும். 1954-இல் இந்தியாவும் நேபாளமும் கோசி ஆற்றுக்காகப் போட்ட ஒப்பந்தம் அந்த வகை. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்காகத் தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்டது மாநில எல்லை வகை. தாமிரபரணிக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும்வரை அது தமிழ்நாட்டை விட்டு வெளியே போவதே இல்லை.

அதனால் எல்லையே இல்லை என்று ஆகிவிடாது. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது ஆற்றின் மேல்பகுதி ஒரு கலெக்டரிடமும் கீழ்ப்பகுதி இன்னொரு கலெக்டரிடமும் போனது. தூத்துக்குடி நகரத்துக்குள் வந்தால் குளமும் ஓடையும் நீர்வளத்துறைக்கு, தெருவோர வடிகால் மாநகராட்சிக்கு, பாலம் நெடுஞ்சாலைத் துறைக்கு, தண்டவாளத்துக்கு அடியில் உள்ள குழாய் ரயில்வேக்கு. அதற்கும் கீழே உப்பளம், துறைமுக நிலம், அனல்மின் நிலையம். என் அனுபவத்தில் இரண்டு நாடுகளின் எல்லையைவிட இரண்டு துறைகளின் எல்லையைத் தாண்டுவதே கடினம். ஒரு வரைபடத்தில் ஓடையை வரைந்து, அது யார் யார் கையில் மாறுகிறதோ அங்கெல்லாம் குறுக்குக் கோடு போடுங்கள். அத்தனை கையெழுத்து வேண்டும்.

படி 2: கடலிலிருந்து மேலே நடங்கள்

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, வெள்ளம் தேங்கிய தெருவிலிருந்து திட்டத்தைத் தொடங்குவது. வடிகாலின் கொள்ளளவைத் தீர்மானிப்பது அதன் கடைசி நூறு மீட்டர்தான். முகத்துவாரம் மணலால் மூடிக் கிடந்தால் மேலே எத்தனை கோடிக்கு கான்கிரீட் போட்டாலும் தண்ணீர் நிற்கும்.

தூத்துக்குடிக் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஓடையில் படிந்த மணலையும் வண்டலையும் கடல் தானாக அள்ளிக்கொண்டு போகும் என்று நம்ப முடியாது. இந்தக் கரையின் வரலாறே அதற்குச் சாட்சி. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையைத் தள்ளித் தள்ளி, துறைமுகம் காயலுக்கு மாறி, பிறகு தூத்துக்குடிக்கு வந்தது.

வெளியே மன்னார் வளைகுடா. முத்துப்பார்களும் (முத்துச்சிப்பிப் படுகைகள்) பவளத் திட்டுகளும் கடற்புல் படுகைகளும் 21 தீவுகளும் உள்ள கடல் அது. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. அதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். ஆனால் சேறு படிந்த பாரில் சிப்பிக் குஞ்சு ஒட்டாது என்பது இந்தக் கரையில் முத்துக் குளித்தவர்கள் எல்லோரும் அறிந்தது. வடிகாலின் வாய் எந்தப் பாருக்கு எதிரே திறக்கிறது, சேற்றைப் படியவைக்கும் குட்டை எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேளுங்கள்.

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்காமல் விட்டதன் விலை தெரியும். மேற்பகுதி வயல்களின் உவர்நீரைக் கடலுக்குக் கொண்டுபோக உலக வங்கிக் கடனில் 'இடதுகரை வடிகால்' வெட்டினார்கள். 1999 புயலில் அதன் கடல்முனைக் கால்வாய் உடைந்து கடல்நீர் உள்ளே ஏறியது. 2003-இல் பதின் மாவட்டம் மூழ்கியது. பாதிக்கப்பட்ட மக்கள் உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடமே முறையிட்டார்கள். வடிகால் வேண்டும் என்று கேட்டவர்கள் மேலே இருந்தார்கள், மூழ்கியவர்கள் கீழே இருந்தவர்கள்.

படி 3: எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போடுங்கள்

தென்னிந்தியப் பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ரைவ்ஸ் சூத்திரம் எளிது. நீர்ப்பிடிப்புப் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, அதன் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு கெழுவால் பெருக்கினால் உச்ச வெள்ளம் விநாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று வரும். கடலிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் என்றால் கெழு 6.8. ஆக, 100 சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 146 கன மீட்டர், அதாவது விநாடிக்கு 5,000 கன அடிக்கு மேல்.

இது தொடக்கக் கணக்கு மட்டுமே. 2023-இன் மழை இந்தக் கணக்குகளைப் பார்த்துச் சிரிக்கும். 95 சென்டிமீட்டர் மழை ஒரு சதுர கிலோமீட்டரில் மட்டும் விழுந்தாலே 3 கோடியே 35 லட்சம் கன அடி. அப்படிப்பட்ட மழைக்கு வடிகால் கட்டினால் நகரத்தில் வடிகால்தான் இருக்கும். 25 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கா, 100 ஆண்டுக்கு ஒருமுறை வருவதற்கா என்பது பொறியாளர் மட்டும் எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது. மிச்சத் தண்ணீர் யார் வீட்டில் நிற்கும் என்பதும் அதே முடிவில் அடங்கியிருக்கிறது.

படி 4: மதிப்பீட்டுக்கு முன்பே கீழே இருப்பவரிடம் பேசுங்கள்

கயத்தாறு, ஓட்டப்பிடாரம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் விழும் மழை உப்பாற்று ஓடை வழியாகக் கோரம்பள்ளம் குளத்துக்கு வந்து, அங்கிருந்து ஷட்டர் திறந்து கடலுக்குப் போகிறது. மேலே ஒரு தடுப்பணை கட்டினாலோ ஓர் ஓடையை அகலப்படுத்தினாலோ கீழே தண்ணீர் வந்துசேரும் நேரம் மாறும். ஷட்டரை யார், எந்த அளவில், யாருக்குச் சொல்லிவிட்டுத் திறப்பது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். நாடுகளுக்கிடையே இது கட்டாயம்: பன்னாட்டு ஆற்றில் கைவைக்கும் திட்டத்துக்குக் கடன் கேட்டால், ஆற்றின் மற்ற நாடுகளுக்கு அறிவிப்புக் கொடுத்தாயா என்று உலக வங்கி கேட்கும். உள்ளூரில் அப்படிக் கேட்பவர் இல்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

படி 5: பணம்

ஒரே பையிலிருந்து முழுப் பணமும் வராது. பொதுவாகத் திறந்திருக்கும் வாசல்கள் இவை.

மாநில பட்ஜெட்: விரைவானது. ஆனால் ஆண்டுதோறும் போராட வேண்டும்.

நபார்டு வங்கியின் ஊரக உள்கட்டமைப்பு வளர்ச்சி நிதி: 1995-96 முதல் மாநில அரசுகளுக்குக் கிடைக்கும் கடன். ஊரகக் குளம், கால்வாய், மதகு வேலைகளுக்குப் பொருத்தம்.

பேரிடர் தணிப்பு நிதி: 15-ஆவது நிதிக்குழு பேரிடர் நிதியில் 20 சதவீதத்தைத் தடுப்பு வேலைகளுக்கென்று ஒதுக்கச் சொன்னது. நிவாரணம் கேட்பவர்கள் ஆயிரம் பேர், இதைக் கேட்பவர்கள் குறைவு.

மத்திய அரசின் வெள்ள மேலாண்மை மற்றும் எல்லைப் பகுதித் திட்டம்: அண்டை நாட்டோடு பகிரும் ஆறுகளின் பணிக்கு முழுச் செலவையும் மத்திய அரசே ஏற்கும். நம்மைப் போன்ற மாநிலத்தின் உள்ளாற்றுப் பணிக்கு 60 சதவீதம்.

வெளிநாட்டுக் கடன்: சென்னைக் கொசஸ்தலையாறு வடிகாலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் தந்தது. சென்னையின் கோவளம் பகுதிக்கு ஜெர்மனியின் கே.எப்.டபிள்யூ. வங்கி. மணற்பாங்கான கடற்கரைக்கு இந்த வடிகாலே தேவையில்லை என்று கோவளம் பக்கத்து மக்கள் எதிர்க்க, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. கடன் கிடைப்பதாலேயே ஒரு வடிகால் நல்லதாகிவிடாது.

படி 6: நிலமும் காலமும் விலையை ஏற்றும்

தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டத்தைப் பாருங்கள். கன்னடியன் அணைக்கட்டிலிருந்து உபரி வெள்ளத்தை எடுத்து, திருநெல்வேலி மாவட்டத்தைத் தாண்டி, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டுக்குக் கொண்டுபோகும் சுமார் 75 கிலோமீட்டர் வெள்ளநீர்க் கால்வாய். 2009-இல் அடிக்கல் நாட்டியபோது மதிப்பீடு 369 கோடி ரூபாய். 2025 பிப்ரவரியில் முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தபோது 1,060.76 கோடி. இடையில் ஆட்சிகள் மாறின, வேலை நின்று நின்று நடந்தது, நிலம் எடுப்பு இழுத்தது. 2013-இன் நிலம் கையகப்படுத்தும் சட்டம் சந்தை மதிப்பு அளவுக்கே ஆறுதல் தொகையும் தரச் சொல்கிறது. நில உரிமையாளருக்கு அது நியாயம். தாமதமாகும் திட்டத்துக்கோ அது தண்டம். ஆகவே விரிவான திட்ட அறிக்கை (டி.பி.ஆர்.) எழுதும்போதே நிலத்தொகையைத் தனித் தலைப்பில், முதல் ஆண்டிலேயே கேளுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கால்வாய் கொள்வது விநாடிக்குச் சுமார் 3,200 கன அடி. 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வந்தது ஒரு லட்சம் கன அடிக்கும் மேல். வறண்ட தேரிக்கு அது வரம். ஆற்றங்கரை ஊர்களான ஏரலையும் ஸ்ரீவைகுண்டத்தையும் அடுத்த வெள்ளத்திலிருந்து காக்கும் என்று மேடையில் யாராவது சொன்னால் கைதட்ட வேண்டாம்.

படி 7: அனுமதிகள்

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி, பூங்கா எல்லைக்கு அருகே என்றால் வனத்துறை, தண்டவாளத்துக்கு அடியில் என்றால் ரயில்வே. மூன்றுக்கும் ஒரே நாளில் மனு போடுங்கள். ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று காத்திருந்தால் முதல் அனுமதி காலாவதியாகிவிடக்கூடும்.

படி 8: தூர்வாரும் காசு

கட்டுவதற்குக் கடன் கிடைக்கும், பராமரிக்கக் கிடைக்காது. தூத்துக்குடி நகரின் பக்கிள் ஓடை ஆங்கிலேய கலெக்டர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பெயர் நிலைத்த அளவுக்கு ஓடையின் ஆழம் நிலைக்கவில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள், உங்கள் ஓடைக்கு மூன்று விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: முகத்துவாரத்தின் வடிவமைப்பு அகலமும் இன்றைய அகலமும், கடைசியாகத் தூர்வாரிய தேதி, இந்த ஆண்டுப் பராமரிப்புக்கு எந்தத் தலைப்பில் எத்தனை ரூபாய். முப்பது நாளில் பதில் தர வேண்டும். மனுக் கட்டணம் பத்து ரூபாய்.