ஒரு டன்னுக்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

புதுசா ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்திருக்கிறது என்றால் நம் ஹாஸ்டல் பேச்சு எங்கே ஆரம்பிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எத்தனை ஹெச்.பி.? டாப் ஸ்பீடு எவ்வளவு? இந்த இரண்டு கேள்வியோடு கார் முடிந்துவிடும். மூன்றாவதாக யாராவது விலையைக் கேட்டால் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவோம். இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்ட கார் அந்த இரண்டு கேள்வியிலும் பெயில் ஆகிற கார். 1.6 லிட்டர் என்ஜின், 116 குதிரைத்திறன், மணிக்கு 190 கிலோமீட்டரைக்கூட எட்டாத வேகம். ஆனால் 1989-ல் அமெரிக்காவில் அது விற்பனைக்கு வந்தபோது, ஒட்டியிருந்த விலைக்கு மேல் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து ஜனங்கள் வாங்கினார்கள். காசு அதிகம் உள்ளவர்கள் மட்டும் செய்த கிறுக்குத்தனமா, அல்லது வண்டியிலேயே ஏதாவது இருக்கிறதா? கேட்லாக்கைப் பிரித்துப் பார்ப்போம் நண்பர்களே.

காரின் பெயர் மஸ்டா எம்.எக்ஸ்-5. அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். மஸ்டா என்றால் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஸ்வராஜ் மஸ்டா வேன்தான். அந்தப் பெயரில் பாதியைக் கொடுத்த ஹிரோஷிமா கம்பெனியேதான் இந்தக் காரையும் செய்தது.

1960-களில் கூரை திறந்த, இரண்டு பேர் மட்டும் உட்காரும் குட்டி ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பேர்போன நாடு இங்கிலாந்து. எம்.ஜி.பி., டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், லோட்டஸ் எலான் எல்லாம் அந்தக் காலத்து வண்டிகள். ஆயில் ஒழுகும், எலெக்ட்ரிகல் மக்கர் பண்ணும், ஆனால் ஓட்ட சுகமாக இருக்கும் என்று பெயர். 1980-ல் எம்.ஜி.பி.யும் ஸ்பிட்ஃபயரும் நின்றுபோயின. அந்த இடம் காலி. பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர், மஸ்டாவின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவராக இருந்த கெனிச்சி யாமமோட்டோவிடம் "அந்த மாதிரி ஒன்றை நீங்கள் ஏன் செய்யக்கூடாது?" என்ற யோசனையைச் சொன்னார். பிறகு அவரே மஸ்டாவின் கலிஃபோர்னியா அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். டோக்கியோ குழு முன்சக்கர இழுவையிலும் நடுவில் என்ஜின் வைத்தும் வரைந்து காட்டியது. கலிஃபோர்னியா குழு என்ஜின் முன்னால், இழுவை பின்னால் என்ற பழைய முறையைப் பிடித்துக்கொண்டது. ஜெயித்தது பழைய முறை. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் கார் மேடை ஏறியது.

இனி உள்ளே. முதலில் எடை. அமெரிக்க மாடல் சுமார் 980 கிலோ, ஜப்பானில் சாதா மாடல் 940 கிலோ. இந்த ஒரு எண்தான் மற்ற எல்லாவற்றுக்கும் வேர். நமக்குத் தெரிந்த சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள்: அரை எம் வி ஸ்கொயர். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 27.8 மீட்டர். 980 கிலோ வண்டியின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 378 கிலோ ஜூல். 1,500 கிலோ வண்டிக்கு 579. அதே வேகத்திலிருந்து நிற்க, கனமான வண்டியின் பிரேக் டிஸ்க் 200 கிலோ ஜூல் அதிகச் சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெரிய டிஸ்க் வேண்டும், அதை மூட பெரிய வீல் வேண்டும், அகலமான டயர் வேண்டும், அவற்றைத் தாங்க கனமான சஸ்பென்ஷன் வேண்டும். எடை எடையைப் பெற்றுக்கொண்டே போகும். மஸ்டா அதைத் திருப்பி ஓட்டியது: வண்டி இலேசு, அதனால் 14 அங்குல வீலும் 185/60 டயரும் போதும், அதனால் வண்டி இன்னும் இலேசு. பானெட் அலுமினியம். 116 குதிரை போதுமா என்று கேட்டால், இழுக்க வேண்டிய சுமையே குறைவு.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் முக்கியம். என்ஜினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. ஒரு கம்பியின் இரண்டு முனையிலும் கனத்தை மாட்டி நடுவில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள், கை சண்டை போடும். அதே கனத்தை நடுவுக்குக் கொண்டுவந்தால் சுலபமாகத் திரும்பும். வளைவில் கார் திரும்புவதும் இதே மொமென்ட் ஆஃப் இனர்ஷியா கணக்குதான். ஆனால் ஒரு குறும்பு. பேட்டரியை டிக்கியில் வைத்திருக்கிறார்கள். முன்-பின் சமநிலைக்கு அது நல்லது, நான் சொன்ன கம்பிக் கணக்குக்கு அது கொஞ்சம் எதிரி. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். கேட்லாக்கில் இப்படிப்பட்ட பேரம் இருப்பதைக் கண்டுபிடிப்பதில்தான் எனக்கு ருசி.

கேட்லாக்கில் ஒரு வரியில் முடிந்துபோகிற, ஆனால் என்னைப் பொறுத்தவரை இந்தக் காரின் உயிரான சமாச்சாரம் பவர் பிளான்ட் ஃபிரேம். சாதாரணப் பின்சக்கர இழுவைக் காரில் கியர்பாக்ஸ் ஒரு பக்கம், டிஃபரன்ஷியல் ஒரு பக்கம், நடுவில் புரொப்பல்லர் ஷாஃப்ட். தனித்து நிற்கும் டிஃபரன்ஷியல், பாடியோடு ரப்பர் மவுண்டிங்கில் தொங்கும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பினியன் முதலில் ஹவுசிங்கையே தூக்கப் பார்க்கும். ரப்பர் நசுங்கி முடிந்த பிறகுதான் சக்கரத்துக்கு முழு விசை போகும். காலை எடுத்தால் ரப்பர் திரும்ப விரியும். இந்தச் சின்ன தாமதமும் குலுக்கலும் ஓட்டுபவரின் முதுகுக்குத் தெரியும். மஸ்டாவில் கியர்பாக்ஸின் பின்முனையையும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டத்தால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். என்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே துண்டு. கால் சொன்னதைச் சக்கரம் உடனே கேட்கிறது. தலைமைப் பொறியாளர் தோஷிஹிகோ ஹிராயின் குழு இதற்கெல்லாம் சேர்த்து வைத்த லட்சியப் பெயர் "ஜின்பா இத்தாய்", அதாவது குதிரையும் ஓட்டுபவனும் ஓர் உடல். விளம்பரத் துறை கண்டுபிடித்த சொல் என்று ஒதுக்கத் தோன்றும். அந்த அலுமினியச் சட்டத்தைப் பார்த்த பிறகு ஒதுக்க மனசு வராது.

நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், நான்கிலும் டிஸ்க் பிரேக். இவை இருக்கட்டும். கியரை ஒரு கணக்கு போட்டுவிடுவோம். ஐந்தாவது கியர் 0.814, ஃபைனல் டிரைவ் 4.3. டயரின் சுற்றளவு சுமார் 1.815 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்கு 918 சுற்று. பெருக்கினால் என்ஜின் சுமார் 3,200 ஆர்.பி.எம். டாப் கியரிலேயே இவ்வளவு! நெடுஞ்சாலையில் சத்தமாகத்தான் இருக்கும், துணிக் கூரை வேறு. ஆனால் ஓவர்டேக் பண்ண கியரை இறக்க வேண்டிய அவசியம் குறையும். இந்த வண்டி யாருக்கு வேண்டாம் என்பதையும் இதே எண்ணிலிருந்து சொல்லலாம்: தினமும் 300 கிலோமீட்டர் போகிறவருக்கு வேண்டாம். டிக்கியில் இரண்டு பையோடு இடம் முடிந்தது. உயரமான ஆளுக்கு முழங்கால் இடிக்கும்.

சரி, கிடைத்ததா? அடிப்படை விலை 13,800 டாலர். ஏ.சி.யும் பவர் ஸ்டீயரிங்கும் அதில் கிடையாது, தனிக் காசு. அமெரிக்காவில் முதலில் வந்த நிறங்கள் மூன்றே: சிவப்பு, வெள்ளை, நீலம். எல்லாக் காரும் ஹிரோஷிமாவிலிருந்து கப்பலில் வரவேண்டும், டீலருக்கு இவ்வளவு என்று அளந்துதான் கிடைக்கும். நம் ஊரில் பாக்கெட்டில் அச்சடித்த எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கக்கூடாது. அங்கே கார் கண்ணாடியில் ஒட்டிய விலை, கம்பெனியின் சிபாரிசு மட்டுமே. கேட்பவன் பத்துப் பேர், வண்டி இரண்டு என்றால் டீலர் என்ன செய்வார்? மேலே ஏற்றினார். எளிய சம்பளக்காரனும் வாங்கட்டும் என்று கிலோ கிலோவாகக் குறைத்துச் செய்த வண்டியின் விலையை ஷோரூமில் ஏற்றிவிட்டார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருக்கிறது. 1990-ல் அமெரிக்காவில் மட்டும் 35 ஆயிரத்துக்கு மேல் விற்றது. வரத்து கூடக்கூட அந்த மேல்விலை கரைந்தது. புது மாடல் வந்த முதல் மாதமே ஓடுகிறவர் கொடுக்கிற அதிகக் காசில் ஒரு நட்டு போல்ட்டுகூட அதிகமாக வராது என்பதைக் கவனியுங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1998-ல் வந்த இரண்டாம் தலைமுறையில், மேலே எழும்பி மூடும் ஹெட்லைட் போய்விட்டது. 2000-ல், அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸ் அங்கீகரித்தது, அப்போது எண்ணிக்கை 5,31,890. மூன்றாம் தலைமுறை 2005-ல் கொஞ்சம் சதை போட்டது. 2015-ல் வந்த நான்காவது மறுபடியும் பட்டினி கிடந்து இறங்கியது: ஜப்பானில் 1.5 லிட்டர் சாதா மாடல் 990 கிலோ. ஏர்பேக், மோதல் பாதுகாப்பு எல்லாம் சேர்ந்தும், 26 வருஷத்தில் கூடியது 50 கிலோதான். அந்த அலுமினியச் சட்டம் அதிலும் இருக்கிறது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி தயாரானது. மஸ்டா இந்தியாவில் இந்தக் காரை விற்பனைக்குக் கொண்டுவரவே இல்லை. வலது பக்க ஸ்டீயரிங் வண்டி ஜப்பானிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் விற்றிருக்கிறது. ஆகவே நமக்கு இது கையில் கிடைக்கும் வண்டி இல்லை, கேட்லாக்கில் படிக்கும் வண்டி.

கிடைப்பது என்பதற்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. பழைய வண்டிக்கு ஸ்பேர் கிடைக்குமா? 2017-ல் மஸ்டா, முதல் தலைமுறைக் கார்களைக் கம்பெனியே புதுப்பித்துத் தரும் திட்டத்தை ஜப்பானில் அறிவித்தது. துணிக் கூரை மாதிரி நின்றுபோன உதிரிப்பாகங்களை மறுபடி செய்யத் தொடங்கினார்கள். டயர்தான் சிக்கல், பழைய டிசைனில் அந்த 14 அங்குல டயர் எங்கும் இல்லை. பிரிட்ஜ்ஸ்டோன் கம்பெனியோடு சேர்ந்து அதே 185/60 அளவில், பழைய டிசைனிலேயே மறுபடி வார்த்துக் கொடுத்தார்கள்.