ஓடும் எறும்புகளை நம்பாதீர்கள்

அன்புள்ள வாசகருக்கு,

ஆட்டோவின் 3டி மாடலுக்கு டெக்ஸ்சர் வரையும்போது மஞ்சள் உடம்பையும் கருப்பு ரெக்ஸின் கூரையையும் லாசோவால் பிரித்துப் பிரித்துக் கை ஓய்ந்துவிட்டது, ஓரம் மட்டும் சுத்தமாக வருவதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இதைவிட நல்ல செலக்‌ஷன் கருவி எது என்றும் கேட்டிருந்தீர்கள். கருவியை மாற்றிப் பயனில்லை. ஓரத்தைக் கையால் வெட்டுவதையே விட்டுவிடுங்கள்.

ஒரு புகைப்படத்தில் தலைமுடியைச் சுவரிலிருந்து பிரிக்க வேண்டுமென்றால் லாசோ, மேஜிக் வாண்ட் என்று எல்லாவற்றோடும் மல்லுக்கட்டத்தான் வேண்டும். எது முடி, எது சுவர் என்பது படத்துக்குத் தெரியாது. உங்கள் ஆட்டோ அப்படியல்ல. எது மட்கார்டு, எது சீட், எது கூரை என்று மாடலுக்கே தெரியும், கட்டியவர் நீங்கள்தானே? தெரிந்த எல்லையை மறுபடி கண்ணால் தேடுவானேன்?

பிளெண்டரில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தட்டை நிறம் கொடுங்கள். நிஜ நிறம் வேண்டாம். ஒன்றோடொன்று குழம்பாத, கண்ணைக் குத்தும் பச்சை, சிவப்பு, நீலம் போதும். எமிஷன் மெட்டீரியலாக வைத்து எமிட் வகையில் பேக் செய்தால் நிழல் ஏதும் விழாமல் நிறம் மட்டும், மாடலின் மேற்பரப்பைத் தட்டையாக விரித்த யூவி தாளில் இறங்கும். இதைத்தான் ஐடி மேப் என்கிறார்கள். பிஎன்ஜி-யாகவே சேமியுங்கள். ஜேபெக் ஓரங்களில் நிறத்தைக் குழப்பிவிடும், பிறகு வாண்ட் தடுமாறும். சப்ஸ்டன்ஸ் பெயின்டரில் இந்த மேப்பிலிருந்து நிறத்தைத் தொட்டே மாஸ்க் போடலாம். அது காசு கொடுத்து வாங்கும் மென்பொருள். நம் வேலைக்கு கிம்ப் போதும்.

ஐடி மேப்பைத் தனி லேயராக வையுங்கள். ஃபோட்டோஷாப் என்றால் வாண்டின் டாலரன்ஸ் வழக்கமாக 32-இல் நிற்கும். அதை 0-க்கு இறக்குங்கள். ஆன்டி-அலியாஸ், கன்டிகியுவஸ் இரண்டின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். கிம்ப்பில் இதே வேலைக்கு ‘செலக்ட் பை கலர்’ இருக்கிறது. தாளில் மூலைக்கொன்றாகக் கிடக்கும் கூரைத் துண்டுகள் அத்தனையும் ஒரே கிளிக்கில் வந்து சேரும். வந்த கையோடு சேனலாகச் சேமித்துப் பெயர் வைத்துவிடுங்கள்.

ஏன் சேனல்? செலக்‌ஷன் என்பது ஒரு கோடு என்றே பலரும் நினைக்கிறார்கள். திரையில் எறும்பு வரிசைபோல் ஓடும் அந்தப் புள்ளிக்கோடு செய்யும் வேலை அது. அதை முதலில் ஓடவிட்டவர் பில் அட்கின்சன், 1984-இல் மேக்கின்டாஷோடு வந்த மேக்பெயின்ட் என்ற ஓவிய மென்பொருளில். ஒரு பியர் விளம்பரப் பலகையில் தண்ணீர் ஓடுவதுபோல் தெரிந்த வித்தையிலிருந்து அவருக்கு அந்த யோசனை வந்தது. அந்தத் திரையில் கருப்பு, வெள்ளை இரண்டே நிறம். ஒரு பிக்சல் உள்ளே இருக்கும், இல்லையென்றால் வெளியே இருக்கும். ஆகவே அன்றைய எறும்புகள் பொய் சொல்லவில்லை. இன்றைய செலக்‌ஷன் 256 படிகள் கொண்ட சாம்பல் நிறப் படம். அதை அப்படியே வைத்துக்கொள்ளும் இடம்தான் சேனல். பாதிக்கு மேல் தேர்வான பிக்சல்களைச் சுற்றித்தான் ஃபோட்டோஷாப் எறும்பை ஓட்டும். ஓரத்தை மென்மையாக்க 20 பிக்சல் ஃபெதர் கொடுத்தால் எறும்புக்கு வெளியேயும் நிறம் கசியும். பக்கத்துத் துண்டில் போய் விழும். தாளில் தெரியாது, மாடலில் சீட்டின் மேல் மஞ்சள் திட்டாகத் தெரியும். சந்தேகம் வந்தால் குவிக் மாஸ்க்கைப் போட்டுப் பாருங்கள்: ஃபோட்டோஷாப்பில் க்யூ, கிம்ப்பில் ஷிஃப்ட்-க்யூ. உண்மையான செலக்‌ஷன் அங்கேதான் தெரியும்.

இனி ஓரம். நீங்கள் படும் பாட்டில் பெரும்பங்கு இங்கேதான். தையற்காரர் துணியை வெட்டும்போது தையல் கோட்டோடு நிறுத்த மாட்டார், கொஞ்சம் வெளியே விட்டுத்தான் வெட்டுவார். யூவி துண்டுக்கும் அது வேண்டும். ஆட்டோ தூரத்தில் போகும்போது கேம் எஞ்சின் 2048 தாளை அப்படியே பயன்படுத்தாது. 1024, 512, 256 என்று பாதி பாதியாகச் சுருக்கிய பிரதிகளை எடுக்கும். லான்ஸ் வில்லியம்ஸ் 1983-இல் எழுதிய மிப்மேப் முறை இது. சுருக்கும்போது நான்கு பிக்சல் கலந்து ஒன்றாகும். துண்டுக்கு வெளியே நீங்கள் விட்ட 8 பிக்சல், 256-க்கு வரும்போது 1 பிக்சல்தான். ஒன்றும் விடவில்லை என்றால் தாளின் கருப்பு உள்ளே கலந்து, மட்கார்டு ஓரமெல்லாம் கரிக்கோடு விழும்.

அப்படியானால் செலக்‌ஷனை 8 பிக்சல் விரித்துவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். பாதிதான் சரி. உங்கள் தாளில் ஓரம் இரண்டு வகை. துண்டு முடிந்து வெற்றிடம் தொடங்கும் ஓரத்தில் விரிக்கலாம். ஒரே துண்டுக்குள் மஞ்சளும் கருப்புப் பட்டையும் சந்திக்கும் ஓரத்தில் விரித்தால் மஞ்சள் பட்டையைத் தின்றுவிடும். இதைக் கையால் பிரிக்கவே வேண்டாம். பேக் செய்யும்போது பிளெண்டர் தானே 16 பிக்சல் மார்ஜின் விடுகிறது. அது வெற்றிடத்தின் பக்கம் மட்டும்தான் வழியும். அந்த மார்ஜினோடு எடுத்த ஐடி மேப்பில் கிளிக் செய்தால், விரிய வேண்டிய இடத்தில் விரிந்தும் நிற்க வேண்டிய இடத்தில் நின்றும் செலக்‌ஷன் வரும். யூவி துண்டுகளுக்கு நடுவே அதற்குத் தக்க இடைவெளி மட்டும் விட்டிருக்க வேண்டும்.

இத்தனை கறாரான ஓரத்தை வைத்துக்கொண்டு சேறு, துரு, வெயிலில் வெளிறிய ரெக்ஸின் எல்லாம் எப்படி வரைவது? ஒரு லேயர் குரூப் போட்டு, சேமித்த சேனலை அதற்கு மாஸ்க்காக வையுங்கள். கிம்ப்பில் 2.10 முதல் குரூப்புக்கும் மாஸ்க் போட முடிகிறது. உள்ளே மென்மையான பிரஷ்ஷால் எவ்வளவு தாராளமாக வேண்டுமானாலும் தேய்க்கலாம். சேறு மட்கார்டைத் தாண்டாது. ஃபெதரை இங்கே ஆசைதீரப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பாதி ஆட்டோவைக் கட்டி மிரர் செய்திருப்பதாகச் சொன்னீர்கள். இரண்டு பாதிக்கும் ஒரே யூவி என்றால், பின்பக்கம் ‘பிரசவத்திற்கு இலவசம்’ என்று எழுதும்போது ஒரு பாதியில் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நிற்கும். எந்தச் செலக்‌ஷனாலும் அதைச் சரிசெய்ய முடியாது. மிரரை அப்ளை செய்து, பின்பலகையின் யூவியை மட்டும் முழுதாக விரித்துத் தாளில் தனி இடம் கொடுங்கள். ஐடி மேப்பை மறுபடி பேக் செய்யுங்கள். எழுத்தில் கை வைப்பது அதற்கப்புறம்.